புள்ளியக்கா குறித்த நேரம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பால் ஆலையில் எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. வயிற்றுக்கு நல்லது செய்யும் ஒரு வகை ஈஸ்ட் உண்டு. அதைப் பாலில் கலந்து, அந்தப் பாலில் ஒரு சொட்டை எடுத்து, பத்தில் ஒன்றாக, நூற்றில் ஒன்றாக, ஆயிரத்தில் ஒன்றாகத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போவாள். கடைசிச் சொட்டை ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் பரப்பி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் இரண்டு நாள் வைப்பாள். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஈஸ்டும் தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் வேலை. எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஒருமுறை ஆலையில் தீ மணி அடித்தபோது அவள் நூற்று எண்பத்து மூன்றில் இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் முடித்து, தட்டின் மேல் எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தாள். அடுப்பு ஏதோ புகைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையை ஆலை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

கணிதத்தில் பட்டம் வாங்கியவள். வேலை தேடிய காலத்தில் ஆய்வகத்தில் காலியாக இருந்த ஒரே இடம் கண்ணாடிச் சாமான் கழுவுவது. சரி, உள்ளே நுழைவோம் என்று வந்தாள். இரண்டு வருடம் தட்டும் குழாயும் கழுவினாள். எண்ணிக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குப் போனதும், அந்த நாற்காலி இவளுக்குக் கிடைத்தது.

ஆய்வகத்தின் தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எது கேட்டாலும் மடிக்கணினியைத் திறந்து, "இதுக்கு எங்கிட்ட ஒரு ஸ்லைடு இருக்கு" என்பார். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னாலும் ஒரு ஸ்லைடு இருக்கும். ஸ்லைடு சார். வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாத மனிதர். தட்டைத் தொட்டு எண்ணியதை யாரும் பார்த்ததில்லை.

மூன்று வெவ்வேறு குளிரில் ஈஸ்ட் பாலில் எப்படிப் பெருகுகிறது என்று பார்க்கச் சொன்னது அவர்தான். அதை ஏழு நிலைகளாக ஆக்கியது அவள். மூன்று வருடம், நாலாயிரத்துச் சொச்சம் தட்டுகள். எண்களை வரைபடத் தாளில் குறித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒருநாள் அது கண்ணில் பட்டது. எந்தக் குளிராக இருந்தாலும் கோடு ஒரே மாதிரிதான் வளைந்தது. முதலில் தரையோடு தரையாகக் கிடக்கும், அது புதுப் பாலுக்குப் பழக ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் தாமதம். பிறகு விறுவிறுவென்று ஏறும். கடைசியில் கூரையில் தலை இடித்ததுபோல நின்றுவிடும். தாமதம், ஏறும் வேகம், கூரை என்று மூன்று எண்கள் தெரிந்தால் போதும், மொத்தக் கோட்டையும் எழுதிவிடலாம். வேகத்தின் வர்க்கமூலத்தை வெப்பநிலைக்கு எதிரே குறித்தபோது ஏழு புள்ளிகளும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப்போல ஒரே நேர்கோட்டில் நின்றன. இப்படி நிற்கக்கூடும் என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறாள். தன் கையால் எண்ணிய புள்ளிகள் நிற்பதைப் பார்ப்பது வேறு. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனாள்.

கூரை மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் நிற்கிறது? பாலில் சர்க்கரைக்கா பஞ்சம்? யோசித்து யோசித்துப் பிடித்தாள். பாலில் இருக்கும் சர்க்கரையை இந்த ஈஸ்டால் தின்ன முடியாது. பூட்டிய அலமாரியில் நிறைய சாப்பாடு, சாவி இல்லை. வெளியே சிந்திக் கிடக்கும் துணுக்குகளைத் தின்று தீர்த்ததும் நின்றுவிடுகிறது. சோதித்துப் பார்க்க ஒரு வரிசைப் பாலில் குளுக்கோஸ் கலந்தாள். கூரை பிய்த்துக்கொண்டு போனது. பாலில் குமிழ் குமிழாகக் காற்று. அதையும் நோட்டின் கடைசிப் பதினோரு பக்கங்களில் எழுதிவைத்தாள். 'சர்க்கரை மாறினால் இந்தச் சமன்பாடு செல்லாது' என்று அடிக்கோடும் போட்டாள்.

"நோட்டைக் குடும்மா, வாசிச்சுட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனார் ஸ்லைடு சார். நோட்டு திரும்பி வரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஆய்வகத்துக்கு ஒரு ஆராய்ச்சி இதழ் வந்தது. உறையைப் பிரித்தது அவள்தான். நடுப்பக்கத்தில் அவளுடைய ஏழு கோடுகள். ஒன்பது டிகிரிக் கோட்டில் ஒரு புள்ளி கொஞ்சம் விலகி நிற்கும், அன்று மின்சாரம் போயிருந்தது. அந்தப் புள்ளிகூட அப்படியே விலகி நின்றது. மேலே ஒரே ஒரு பெயர், அவருடையது. கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் நன்றி: 'கண்ணாடிப் பொருட்களைக் கழுவி உதவிய ஊழியருக்கு.'

இதழை மடித்து எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், இதுல என் பேரு இல்லையே."

"நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலையா?"

"கழுவினதுக்குச் சொல்லியிருக்கீங்க. நான் கழுவி ஏழு வருஷம் ஆச்சு."

"இங்க பாரும்மா. எண்ணுறது வேற, ஆராய்ச்சி வேற. மரம் வெட்டுறவர் பேரை மேசையில போடுவாங்களா?" என்று சிரித்தார். அதற்கும் ஒரு ஸ்லைடு இருந்திருக்கும், திறக்கவில்லை.

ஆலையின் இயக்குநர் ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்பார்கள். அவரிடமும் போனாள். மேடம் இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய இதழ். நம்ம ஆலைக்கே பெருமைதானே. நன்றி வேற போட்டிருக்காரே" என்றார். அடுத்த வாரமே ஆள் பற்றாக்குறை என்று காரணம் காட்டி, புள்ளியக்காவைச் சரக்கு வாசலுக்கு மாற்றினார்கள். வரும் டிரம்மை இறக்கி, போகும் பெட்டியை ஏற்றி, இரண்டுக்கும் கையெழுத்துப் போடும் வேலை.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பழகியதால் எதற்கும் பதறாத சுபாவம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விட்டுத்தள்ளு. அவன் யோக்கியதை அவ்வளவுதான்" என்றார்.

"விடறதா? என்னால முடியாது."

"மனசுல வச்சுக்கிட்டே இருந்தா உன் உடம்புதான் கெடும்."

"கெடட்டும். அந்தாளு மூக்கு உடைஞ்சதும் நான் மருந்து சாப்பிட்டுக்கறேன்."

கோபம் ஆறும் என்று அவர் நினைத்தார். ஆறவில்லை. சிலருக்குக் கோபம் பொங்கி வழிந்து அடுப்போடு போய்விடும். இவளுக்கு அது உறைந்து கெட்டியானது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, பல் தேய்க்கும்போது அந்த வரியைச் சொல்லிப் பார்ப்பாள். கழுவி உதவிய ஊழியர். நாள் ஒன்றுக்கு இத்தனை முறை என்று கணக்கே வைத்திருந்தாள் என்றால் நம்புங்கள். இரண்டு வருடம் இப்படிப் போனது. இதற்கிடையே ஸ்லைடு சாருக்கு ஒரு விருது கிடைத்தது. கேடயத்தைச் சரக்கு வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம்தான் அந்த நீல டிரம் வந்தது.

உள்ளே இருந்தது என்சைம். பாலில் கலந்தால் பால் சர்க்கரையை இரண்டாக உடைத்துவிடும், பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக. எந்தப் பிரிவுக்கு என்று ரசீதைப் பார்த்தாள். ஆய்வகம். புதுத் தயாரிப்பு: ஈஸ்ட் பால் பானம், பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் குடிக்கலாம். பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அலமாரிக்குச் சாவி வந்திருக்கிறது. ஈஸ்ட் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள்.

நிரப்பும் பிரிவில் ஒரு மேற்பார்வையாளன் இருந்தான். பாட்டிலுக்கு மூடி போடும் எந்திரம் அவன் பொறுப்பு, அதனால் மூடித் தம்பி. பத்து வருடப் பழக்கத்தில் அவளை உண்மையாகவே அக்கா என்று நினைப்பவன். தேநீர் இடைவேளையில் அவனிடம் நைசாகக் கேட்டாள்.

"புதுப் பானத்தை எத்தனை நாள் வச்சுப் பாத்தாங்க, தம்பி?"

"முன்னாடி வந்த சாம்பிள் என்சைமைக் கலந்து அஞ்சு நாள்க்கா. அதுக்கு மேல வேண்டாம்னுட்டார். சமன்பாடே இருக்கே, இருபத்தோரு நாளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அது சொல்லுதுன்னார். ஸ்லைடெல்லாம் போட்டுக் காட்டினார்."

"அப்படியா" என்று தேநீரை உறிஞ்சினாள். இவ்வளவு ருசியான தேநீரை அந்த ஆலையில் அவள் அதுவரை குடித்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போகும்போது என்சைம் சொட்டுமருந்து ஒன்றும், வயிற்றுப்போக்குக்குத் தரும் அதே ஈஸ்ட் மாத்திரையும் மருந்துக்கடையில் வாங்கினாள். நாலு பாட்டில்களில் பாலை ஊற்றிக் கலந்து, வாயில் பலூன் மாட்டிக் கட்டி, குளிர்பெட்டியில் இரண்டு, சமையல் மேடையில் இரண்டு என்று வைத்தாள். தினம் காலையும் மாலையும் தையல் நாடாவால் பலூனைச் சுற்றி அளந்து எழுதினாள். மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்த கணவர் இரண்டு பலூன்களையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏய், யாருக்குப் பிறந்தநாள்?"

"ஸ்லைடு சாருக்கு" என்றாள் அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோட்டு போனால் என்ன, எண்கள் தலைக்குள் இருந்தன. தாமதம் அதேதான். வேகம் சற்றுக் கூடியிருந்தது. கூரையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். மில்லிக்குப் பத்து லட்சத்தில் தொடங்கும் ஈஸ்ட், ஒரு கோடியைத் தாண்டியதும் காற்று விட ஆரம்பிக்கும். குளிர் அறையின் உள்மூலையில் இருக்கும் பெட்டி என்றால் பதின்மூன்றாம் நாள். கதவோரம் மூன்று டிகிரி சூடு கூடுதல், அங்கே என்றால் எட்டாம் நாள். அறிமுக விழா வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. மருத்துவர்கள், கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். மேடையில் வைக்கும் பாட்டில்களை அனுப்பிவைக்க வேண்டியது சரக்கு வாசல்.

விழாவுக்கு எட்டு நாள் முன்னால் நிரப்பி வந்த இரண்டு பெட்டிகளைக் கதவோரம் வைத்தாள். எந்த விதியையும் மீறவில்லை. காலாவதித் தேதிக்குள்தான் இருக்கிறது, குளிர் அறைக்குள்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில், வாயில் மெல்லிய தகடு ஒட்டியது. காற்று சேர்ந்தால் தகடு உப்பி, பட்டென்று கிழிந்து, பால் நுரையாகப் பீய்ச்சும். ஒருவருக்கும் அடிபடாது. ஆனால் ஸ்லைடு சார் மைக்கைப் பிடித்து, "இருபத்தோரு நாள்" என்று சொல்லும்போது அவர் கோட்டின் மேல் நுரை வழியும். அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு, டிரம் வந்த நாளிலிருந்து பதினேழு நாளும் அவள் பூரித்துப்போயிருந்தாள். வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நிரப்பும் பிரிவைத் தாண்டிப் போனபோது, வழக்கமில்லாத ஒரு சத்தம். கிணுங் கிணுங்கென்று கண்ணாடி. எட்டிப் பார்த்தாள். மூடித் தம்பி கதவோரப் பெட்டி ஒன்றைப் பிரித்து, பாலைக் கண்ணாடி பாட்டில்களுக்கு மாற்றி, கையால் அழுத்தும் கருவியில் இரும்பு மூடி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி இது?"

"சார் சொன்னார்க்கா. மேடையில கண்ணாடிதான் பளபளன்னு இருக்குமாம். நாப்பது பாட்டில். இன்னிக்கே கொண்டுபோய் விழா மண்டபத்துல அடுக்கி வச்சுடணுமாம். குளிர்ல இருந்து அப்பத்தான் எடுத்தா லேபிள் வியர்த்து உரிஞ்சுடுமாம். வியாழக்கிழமை மேடையில நின்னு ஒவ்வொண்ணா திறந்து கொடுக்கறது நான்தான். புதுச் சட்டை எடுத்திருக்கேன்."

காற்றுப் போக வழியில்லாத கண்ணாடி. குளிரில்லாத மண்டபத்தில் இரண்டு நாள். அவள் மனது தானாகவே கணக்குப் போட்டது, நிறுத்த முடியவில்லை. அந்தச் சூட்டில் ஈஸ்ட் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். வியாழன்வரைகூடத் தாங்காது. எல்லாம் ஒன்றாக வெடிக்கவும் வெடிக்காது. ஒன்றிரண்டு தாக்குப்பிடித்து, யாராவது தொடும்போது வெடிக்கும்.

இந்த இடத்தில் அவளை நல்லவளாகக் காட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நடந்தது அதுவல்ல. முதலில் அவள் மனதில் வந்தது, 'இது இன்னும் நல்லதாப் போச்சு' என்பதுதான். நுரைக்குப் பதில் கண்ணாடி. கேடயம் வாங்கிய அந்தக் கை. சுவரில் சாய்ந்து கால் மணி நேரம் நின்றாள். மூடித் தம்பி ஒவ்வொரு பாட்டிலையும் துணியால் துடைத்து, முகத்துக்கு நேரே தூக்கி, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வைத்தான். ஐந்து. ஆறு. முகத்துக்கு நேரே.

ஏழாவதை எடுத்தபோது போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூடி போடாதே. இது வெடிக்கும்."

"என்னக்கா சொல்றீங்க?"

சொன்னாள். சர்க்கரை, சாவி, கூரை, பலூன் எல்லாவற்றையும். பெட்டிகளைக் கதவோரம் வைத்தது யார் என்பதையும் சொன்னாள், அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினேழு நாளா."

"பதினேழு நாளா தினம் எங்கூட உக்காந்து டீ குடிச்சீங்க."

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு பாட்டில்களையும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, "வாங்க, மேடம்கிட்ட போவோம்" என்று முன்னால் நடந்தான்.

மேடம் ஸ்லைடு சாரையும் வரச்சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்லைடு சார் வாய்விட்டுச் சிரித்தார். "சரக்கு இறக்குறவங்க இப்ப நுண்ணுயிரியல் பேச ஆரம்பிச்சுட்டாங்களா? மேடம், இதுக்கு எங்கிட்ட ஒரு ஸ்லைடு…"

"ஒண்ணைத் திறந்து பாத்துடலாமே" என்றார் மேடம்.

"இப்ப திறந்தா லேசா சீறும், அவ்வளவுதான்" என்றாள் புள்ளியக்கா. "குலுக்கிட்டாங்கன்னு சார் சொல்வார். திறக்க வேண்டாம். எஃகுப் பால்கேன்ல போட்டு, மூடியைக் கட்டி, காலி அறையில வைங்க. நேரம் நான் எழுதித் தர்றேன்."

மேசையில் கிடந்த தாளை எடுத்து எழுதினாள்: 'புதன், பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்.' கீழே கையெழுத்துப் போட்டாள். சரக்கு ரசீதில் போடுவதுபோலக் கிறுக்காமல், முழுப்பெயராக.

"இது என்ன ஆரூடமா?" என்றார் ஸ்லைடு சார்.

"சமன்பாடு சார். உங்க பேர்ல வந்ததே, அதேதான்."

மேடம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "வெடிக்கலேன்னா?"

"அதே நிமிஷம் வேலையை விட்டுப் போயிடறேன்."

மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் காலி அறைக்கு வெளியே கூட்டம். தட்டுக் கழுவுகிறவர்கள், எந்திரக்காரர்கள், அலுவலகத்துப் பெண்கள் என்று இருபது பேர் ஏதேதோ சாக்கு வைத்து அங்கேயே சுற்றினார்கள். பதினொன்றரை. பன்னிரண்டு. ஸ்லைடு சார் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புன்னகை செய்தார். புள்ளியக்கா ஒரு ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு உள்ளே 'டம்' என்று ஒரு சத்தம். கேனே ஓர் அங்குலம் நகர்ந்ததுபோல இருந்தது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நாலு நிமிடம் கழித்து இன்னொன்று. பன்னிரண்டே முக்காலுக்குள் ஐந்து. ஆறாவதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அதுவும் வெடித்து அடங்கிய பிறகு கேனைக் கவிழ்த்தபோது, எஃகின் உட்புறம் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள் கீறிய வெள்ளைக் கோடுகள்.

ஐந்தாவது வெடித்த உடனேயே மேடம் விழாவை ரத்துசெய்யச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு இவளிடம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

"என் நோட்டு வேணும். அப்புறம் சார் ஒரு வரி வாசிக்கணும்."

நோட்டு ஸ்லைடு சாரின் இழுப்பறையிலிருந்து வந்தது. கடைசிப் பதினோரு பக்கங்கள், என்றோ சிந்திய பால் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் பிரித்ததே இல்லை. மேடம் அங்கேயே நின்று பிரித்து, அடிக்கோடு போட்ட வரியைப் படித்தார். அதற்குள் புள்ளியக்கா பையிலிருந்து அந்த இதழை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, ஸ்லைடு சார் கையில் கொடுத்தாள். "கடைசியில சின்ன எழுத்துல இருக்கு சார்."

"இதெல்லாம் இப்ப எதுக்கு…"

"வாசிங்க" என்றார் மேடம்.

அவர் முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். சத்தமா."

"கண்ணாடிப் பொருட்களைக் கழுவி உதவிய ஊழியருக்கு நன்றி."

"அது நான்தான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அவரிடம் திரும்பினாள். "சார், ஒன்பது டிகிரில தாமதம் எத்தனை மணி நேரம்?"

அவர் மடிக்கணினிப் பையைத் தடவினார்.

"ஸ்லைடு வேண்டாம் சார். உங்க கட்டுரைதானே, சும்மா சொல்லுங்க."

பதில் இல்லை. அந்த மௌனத்தை அவள் அவசரப்பட்டுக் கலைக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தவள், இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தாள். தட்டுக் கழுவும் பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம்தான் புள்ளியக்கா சொன்னாள்: "இருபத்தாறு மணி நேரம். கழுவுறவங்களுக்குத் தெரியும்." கூட்டம் கைதட்டியது. ஸ்லைடு சாரின் காது மடல்கள் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துவரை இறங்கியது. அவள் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள், ஒரு தட்டைப் பார்ப்பதுபோல.

இதழில் திருத்தம் வெளியானது. முதல் பெயர் அவளுடையது. உடைத்த சர்க்கரைக்கான புதுச் சமன்பாட்டையும் அவளே எழுதினாள். பானத்தில் ஈஸ்டைக் கலக்காமல், காயவைத்துத் தனிப் பொட்டலமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நாலு மாதத்தில் ஸ்லைடு சார் ராஜினாமா செய்தார். அவர் பெட்டியோடு கிளம்பிய அன்று, ஆய்வகப் பொறுப்பு அவளிடம் வந்திருந்தும், வேண்டுமென்றே இறங்கிச் சரக்கு வாசலுக்குப் போனாள். வெளியே போகும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. புத்தகங்கள், கேடயம், அடியில் காபிக் கறை படிந்த ஒரு கண்ணாடிக் கோப்பை. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கழுவித் தரட்டுமா சார்?"

அவர் கோப்பையை வாங்கிக்கொள்ளாமலே போனார். அன்று வீட்டில் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வர வர சிரித்தாள். அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "போதுமா?" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள்.

காலி அறைக்கு வெளியே எல்லோரும் கைதட்டிய அந்தப் பகலில் மூடித் தம்பி மட்டும் தட்டவில்லை. கதவோரம் வைத்த பெட்டியைப் பற்றி அவன் மேடத்திடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. பேச்சை முறித்துக்கொள்ளவும் இல்லை, அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். தேநீரை மட்டும் எந்திரத்தின் பக்கத்திலேயே நின்று குடித்துவிடுகிறான். ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் ஆய்வகத்திலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட தாள் போகும். அவன் அதை வாங்கி, எண்களையெல்லாம் படித்து முடித்துவிட்டு, தலையைத் தூக்கிக் கேட்பான்.

"இதுல எங்கிட்ட சொல்லாதது எதாவது இருக்காக்கா?"

முதல் தடவை அவளுக்குச் சுருக்கென்றது. பத்தாவது தடவை கோபம் வந்தது. இப்போது ஆறு வருடமாகிறது. ஸ்லைடு சார் விஷயத்தில் தனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது என்று யார் கேட்டாலும் சொல்வாள், அது உண்மையும்கூட. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் உடனே பதில் சொல்வதில்லை. தாளைத் திரும்ப வாங்கி, மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான், "இல்ல தம்பி" என்கிறாள். அதற்குப் பிறகே அவன் எந்திரத்தை ஓடவிடுகிறான்.